60 டியூப் லைட்டா, 24 பல்பா: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: நான் ஒரு மாணவர் விடுதியின் பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். 40 அறைகளில் அறைக்கு ஒரு டியூப் லைட். நாளுக்கு 6 மணி நேரம் எரியும். படிப்புக் கூடத்தில் 20 டியூப்கள், 8 மணி நேரம். எல்லாமே 36 வாட், பழைய சோக். தாழ்வாரத்திலும் மாடிப்படியிலும் 60 வாட் குண்டு பல்புகள் 24 இருக்கின்றன. பாதுகாப்புக்காக இரவு 12 மணி நேரமும் எரிய விடுகிறோம். மொத்த விடுதிக்கும் மாதம் 4,500 யூனிட் ஆகிறது. எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கினால் மின்கட்டணம் பாதியாகும், டியூப்களில் தொடங்கலாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். நன்றாக எரிகிற விளக்கைக் கழற்றி எறிவது வீண் என்கிறார் இன்னொருவர். போன வருடம் மாடிப்படியில் உள்ள மூடிய கண்ணாடிக் குடுவைகளில் எல்இடி பல்ப் போட்டுப் பார்த்தோம். பாதி ஆறே மாதத்தில் போய்விட்டன. எல்இடி வெளிச்சத்தில் படித்தால் தலை வலிக்கிறது என்றும் சில மாணவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். கட்டடங்களின் மின்சாரப் பயன்பாட்டைத் தணிக்கை செய்வது என் வேலை. எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றில் விளக்குகளின் எண்ணிக்கை இருக்கும், எரியும் நேரம் இருக்காது. நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

36 வாட் டியூப் என்பது டியூபுக்கு மட்டும்தான் 36 வாட். பழைய இரும்புச் சோக் தன் பங்குக்குச் சுமார் 10 வாட்டை வெப்பமாகவே தின்றுவிடும். ஆக ஒரு ஃபிட்டிங் இழுப்பது 46 வாட். 40 அறைகள், 6 மணி நேரம்: நாளுக்கு 11 யூனிட். படிப்புக் கூடம், 20 டியூப், 8 மணி நேரம்: 7.4 யூனிட். 60 டியூப்களும் சேர்ந்து 18.4 யூனிட். இப்போது தாழ்வாரத்துக்கு வாருங்கள். 24 பல்ப், 60 வாட், 12 மணி நேரம்: 17.3 யூனிட். யாரும் கவனித்துப் பார்க்காத அந்த 24 பல்புகள், விடுதியின் 60 டியூப்களும் தின்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய மின்சாரத்தைத் தனியாகத் தின்றுகொண்டிருக்கின்றன.

மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் இடைவெளி இன்னும் கூடுகிறது. 60 வாட் குண்டு பல்ப் தரும் வெளிச்சத்தை 8 வாட் எல்இடி தந்துவிடும். அப்போது தாழ்வாரச் செலவு 17.3-லிருந்து 2.3 யூனிட்டாக இறங்கும். நாளுக்கு 15 யூனிட் மிச்சம். டியூப்களை 20 வாட் எல்இடியாக மாற்றினால் 18.4 யூனிட் 8 ஆகும், மிச்சம் 10.4 யூனிட். மொத்தச் சேமிப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்த 24 பல்புகளில் இருக்கிறது. உங்கள் குழு டியூப்களில் தொடங்கினால், அதிக வேலை செய்து குறைந்த பங்கைத்தான் முதலில் எடுப்பீர்கள். தாழ்வாரத்தில் தொடங்குங்கள்.

ஏன் இப்படி? குண்டு பல்ப் அடிப்படையில் ஓர் அடுப்பு. டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. அந்தச் சூட்டில் வெளிவரும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான். வெளிச்சமாகக் கிடைப்பது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. விளக்கு தரும் வெளிச்சத்தை லூமென் என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு வாட்டுக்கு 12 அல்லது 13 லூமென் கிடைத்தால் பெரிது. டியூப் லைட் வேறு வழியில் போகிறது: பாதரச ஆவியில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதில் பிறக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடியின் உட்பக்கப் பூச்சால் வெளிச்சமாக்குகிறது. சோக்கின் இழப்பையும் சேர்த்தால் உங்கள் பழைய டியூப்கள் வாட்டுக்கு 50 முதல் 60 லூமென் தருகின்றன. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண எல்இடி 90, 100 லூமென் தருகிறது. நல்லது 130-க்கு மேலும் போகும். அதாவது குண்டு பல்பிலிருந்து எல்இடிக்குத் தாவினால் ஏழெட்டு மடங்கு லாபம். டியூபிலிருந்து தாவினால் இரண்டு மடங்குதான். இதனால்தான் 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எதை மாற்றுகிறோம், அது எத்தனை மணி நேரம் எரிகிறது என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெள்ளை எல்இடி நம் கைக்கு வந்த கதையை இங்கே ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-லேயே செய்துவிட்டார். ஆனால் வெள்ளைக்கு நீலம் வேண்டும்; நீல ஒளியை மஞ்சள் பூச்சின் வழியாக அனுப்பித்தான் வெள்ளையைப் பெறுகிறோம். காலியம் நைட்ரைடு என்ற முரண்டு பிடிக்கும் படிகத்தை வசத்துக்குக் கொண்டுவர மேலும் முப்பது வருடம் ஆனது. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். 2006-இல் சர்வதேச எரிசக்தி முகமை போட்ட கணக்குப்படி உலக மின்சாரத்தில் 19 சதவீதம் விளக்குகளுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பரிசை நான் இத்தனை மதிப்பதற்குக் காரணம் அந்த எண்.

சரி, கட்டணம் பாதியாகுமா? ஆகாது. இதை உங்கள் குழுவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு ஏமாற்றம் வேண்டாம். மாதம் 4,500 யூனிட் என்றால் நாளுக்கு 150. அதில் விளக்குகளின் பங்கு ஏறக்குறைய 36 யூனிட்தான், நான்கில் ஒரு பங்கு. எல்லா விளக்கையும் மாற்றினால் அந்த 36 யூனிட் 10-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். விளக்குச் செலவில் 70 சதவீதம் குறைந்தாலும் மொத்தப் பயன்பாட்டில் குறைவது ஆறில் ஒரு பங்குதான். வருடத்தில் 300 நாள் விடுதி நடக்கிறது என்று வைத்தால் சுமார் 7,600 யூனிட். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பாதி என்று சொல்லித் தொடங்கினால் இந்த நல்ல சேமிப்பே தோல்வி மாதிரித் தெரியும். மீதி 114 யூனிட் எங்கே போகிறது, வெந்நீருக்கா, மோட்டாருக்கா, மின்விசிறிக்கா என்பது தனிக் கணக்கு. அதையும் ஒருநாள் போடுங்கள்.

எரிகிற விளக்கை எறிவது வீண் என்று சொன்னவரின் மனம் எனக்குப் புரிகிறது. பொருளை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர் அவர். அப்படி ஒருவர் குழுவில் இருப்பது நல்லது. ஆனால் விளக்கு விஷயத்தில் வீண் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை 2012-இல் வெளியிட்ட ஆயுட்கால ஆய்வில், ஒரு விளக்கைச் செய்து, கொண்டுவந்து, எரித்து முடிப்பது வரை ஆகும் மொத்த ஆற்றலில் சராசரியாக 90 சதவீதம் எரிக்கும்போதுதான் செலவாகிறது என்று தெரிந்தது. அதாவது தாழ்வாரத்தில் இரவு முழுவதும் எரியும் குண்டு பல்பை அது தானாகப் போகும்வரை விட்டுவைப்பதுதான் வீண். அதன் ஆயுளும் சுமார் 1,000 மணி நேரம்தான். இரவுக்கு 12 மணி நேரம் என்றால் மூன்று மாதம்கூட நிற்காது. 24 இடத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு நூறு பல்ப் போல மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் ஏணியில் ஏற வேண்டும். 25,000 மணி நேரம் என்று அச்சிட்ட எல்இடி, அந்தச் சொல்லைக் காப்பாற்றினால், அதே இடத்தில் ஐந்தரை வருடத்துக்கு மேல் நிற்கும்.

நெடுநாள் எரிவது வேறு, நன்றாக எரிவது வேறு. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்ப் இருக்கிறது, இன்றும் எரிகிறது. பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது இப்போது வெறும் 4 வாட் அளவில், இரவு விளக்கு போல மங்கலாக ஒளிர்கிறது. அதன் கீழ் உட்கார்ந்து யாராலும் படிக்க முடியாது.

அந்த நண்பர் சொல்வது சரியாகப் பொருந்தும் இடமும் உங்கள் விடுதியில் இருக்கும். சாமான் அறை, மின்பலகை அறை, மொட்டைமாடிக் கதவருகே என்று நாளுக்கு ஐந்து நிமிடம் எரியும் விளக்குகள் எங்கும் உண்டு. 60 வாட் பல்ப் நாளுக்கு ஐந்து நிமிடம் எரிந்தால் வருடம் முழுக்கச் செலவு 2 யூனிட்கூட இல்லை. அவற்றைத் தொடாதீர்கள், தானாகப் போகட்டும்.

இனி, ஆறு மாதத்தில் போன பல்புகள். எல்இடியே மோசம் என்று உங்கள் குழு முடிவுகட்டியிருந்தால் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களே காரணத்தை எழுதியிருக்கிறீர்கள்: மூடிய கண்ணாடிக் குடுவை. குண்டு பல்புக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை, அது சூட்டிலேயே வாழ்வது. எல்இடி பல்ப் அப்படியல்ல. ஒளிரும் சில்லு எளிதில் போகாது. அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் டிரைவர் என்ற சிறு சுற்று பல்பின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது, அதற்குள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும், திரவம் கொண்ட கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் இருக்கிறது. சூட்டில் அந்தத் திரவம் உலர்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. காற்றோட்டமில்லாத குடுவைக்குள் 20 டிகிரி கூடினால் கால் பங்கு ஆயுள்தான் மிஞ்சும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க மூடிய கூண்டுகளில் எல்இடி போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வருடம் முடிவதற்குள் மூன்றில் ஒன்று போய்விட்டது. மின்சாரத்தில் மிச்சமானதைப் புதுப் பல்புகள் விழுங்கின. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்திலும் விளக்கைப் பார்க்கும் முன் அது உட்காரும் கூட்டைத்தான் பார்க்கிறேன். உங்கள் மாடிப்படியில் குடுவையைக் கழற்றிவிட முடிந்தால் கழற்றிவிடுங்கள். மழைச் சாரல், பூச்சி என்று கழற்ற முடியாத இடமாக இருந்தால், மூடிய ஃபிட்டிங்கில் போடலாம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் பல்பை வாங்குங்கள். அல்லது டிரைவருக்கும் சில்லுக்கும் தனித்தனியே இடம் விட்டு, உலோக முதுகோடு வரும் முழு எல்இடி ஃபிட்டிங்காகவே போட்டுவிடுங்கள். வாட் குறைவாக எடுப்பதும் சூட்டைக் குறைக்கும். படிக்கட்டுத் திருப்பங்களில் 8 வாட் தேவையா, 5 வாட் போதுமா என்று ஒரே ஒரு இடத்தில் போட்டு நாலு நாள் நடந்து பாருங்கள். விளக்கடியில் மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டு விளக்குகளுக்கு நடுவே படியின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். விழுந்து கால் ஒடியும் அளவுக்குச் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

தாழ்வாரத்துக்கு ஆள் நடமாட்டம் அறியும் சென்சார் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். குண்டு பல்ப் இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பேன். எல்இடி போட்ட பிறகு தாழ்வாரச் செலவே நாளுக்கு 2.3 யூனிட்தான். சென்சார் அதைப் பாதியாக்கினாலும் கிடைப்பது ஒரு யூனிட் சொச்சம். 24 சென்சாரின் விலை, பழுது, இருட்டில் கை ஆட்டிக்கொண்டு நிற்கும் எரிச்சல் எல்லாவற்றையும் எடை போட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். குளியலறை, கழிப்பறை வரிசையில் இரண்டு மூன்று போடலாம். அங்கேதான் விளக்கை அணைக்க எல்லோரும் மறப்பார்கள்.

மறதி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். எல்இடி போட்ட பிறகு 'இது எல்இடிதானே, எரிந்தால் என்ன' என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். நான் மறுபடி போய்ப் பார்த்த சில கட்டடங்களில் முன்பு 6 மணி நேரம் எரிந்த விளக்கு 10 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது. அழகுக்கென்று சுவரோரம் புதிதாக ஒரு வரிசை வேறு. ஒரு பொருளைத் திறமையாகப் பயன்படுத்தக் கற்றால் அதன் பயன்பாடு குறையாமல் கூடவும் செய்யும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்து 1865-லேயே எழுதினார். உங்கள் அறைகளில் 20 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் பழைய டியூப் 6 மணி நேரம் எரிந்ததைவிடக் கூடுதலாகவே செலவாகும். மாணவர்களிடம் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். சுவரில் வாசகம் ஒட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

தலைவலிப் புகாரைத் தள்ளிவிடாதீர்கள். அது நிஜம். ஆனால் குற்றவாளி எல்இடி என்ற பொதுப் பெயர் இல்லை, பெரும்பாலும் மலிவான டிரைவர். மாறுமின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முறை சுழல்வதால், அதைச் சரியாகச் சமப்படுத்தாத விளக்கு நொடிக்கு 100 அல்லது 120 முறை மங்கித் தெளியும். கண் அதைப் பிரித்துப் பார்க்காது, ஆனால் மூளையும் கண்தசையும் களைத்துப்போகும். பழைய சோக் டியூபிலும் இதே துடிப்பு உண்டு. அர்னால்ட் வில்கின்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1989-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அலுவலகத்தில் பழைய சோக்கை எடுத்துவிட்டு அதிவேக எலக்ட்ரானிக் சோக் போட்டபோது தலைவலி பாதிக்கும் கீழே இறங்கியதைக் கண்டார்கள். வாங்கும் முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விளக்கடியில் ஒரு பேனாவை விரல்களுக்கு இடையே பிடித்து வேகமாக விசிறி போல ஆட்டுங்கள். பேனா தொடர்ந்து மங்கலாகத் தெரிந்தால் நல்ல டிரைவர். தனித்தனிப் பேனாக்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிந்தால் அந்த விளக்கைப் படிப்புக் கூடத்துக்கு வாங்காதீர்கள்.

நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு, ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2018-இல் தந்த கருத்தைச் சொல்லலாம்: வழக்கமான பயன்பாட்டில் எல்இடி விளக்குகள் ஆரோக்கியமானவர்களின் உடலுக்கு நேரடியாகத் தீங்கு செய்வதற்குச் சான்று இல்லை. ஆனால் தூக்கம் வேறு விஷயம். இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூட நீலம் கூடும். ஆகவே அறைகளுக்கு 3,000 கெல்வின் வார்ம் ஒயிட் (இளமஞ்சள் வெள்ளை), படிப்புக் கூடத்துக்கு 4,000 கெல்வின் போதும். பளிச்சென்று நீலம் பாரிக்கும் 6,500 கெல்வின் விளக்கைக் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்ற எண் பெட்டியில் இருக்கும்; 80-க்குக் குறையக் கூடாது.

படிப்புக் கூடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். டியூபுக்குப் பதில் 20 வாட் எல்இடி டியூப் போடும்போது பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் லூமெனைப் பாருங்கள். 2,200-க்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய டியூப் சுற்றிலும் ஒளி விடும், அதில் ஒரு பங்கு கூரைக்கும் தூசிக்கும் போய்விடும். எல்இடி டியூப் கீழ்நோக்கியே விடும். அதனால் குறைந்த லூமெனிலும் மேசைக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையாது. மாற்றும் முன்பும் பின்பும் மேசை மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும், தாழ்வாரத்துக்கு 100 போதும். அப்புறம், ஜன்னலோர வரிசைக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வயரிங்கைத் தொடும்போதே பிரித்துவிடுங்கள்; உள்பக்கம் இருட்டாக இருக்கிறது என்பதற்காக வெயில் விழும் மேசைக்கும் பகலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கூரைக்கு வெள்ளையடித்து வருடங்கள் ஆகியிருந்தால் அதையும் இந்த வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். சோக்கைச் சுற்றிலிருந்து நீக்கி நேரடி மின்சாரம் கொடுப்பதுதான் நல்லது. சோக் இருந்தபடியே போட்டால் அது கொஞ்சம் மின்சாரத்தை வீணாக இழுத்துக்கொண்டே இருக்கும், பிறகு சோக் போனால் விளக்கும் அணையும். மாற்றிய ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் 'சோக் இல்லை, பழைய டியூப் போடாதே' என்று சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து வேறொருவர் ஏணியில் ஏறும்போது அந்தச் சீட்டு மட்டும்தான் அவருக்கு எச்சரிக்கை. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியாகப் பயன்படுகிறது என்ற விகிதம்) 0.9-க்கு மேல் உள்ளதாக வாங்குவதும் இத்தனை விளக்கு உள்ள இடத்துக்கு அவசியம்.

கழற்றும் டியூப்களில் நன்றாக எரிபவற்றை, இன்னும் மாற்றாத அறைகளுக்கு உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அறைகளைக் கடைசியாக, ஒரு விடுமுறையில் மொத்தமாக மாற்றலாம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின்படி 2027-க்குள் டியூப் லைட் தயாரிப்பே உலக அளவில் நிற்கப்போகிறது. ஆகவே அதிக நாள் தள்ளிப்போடவும் முடியாது. எரியாத டியூப்களை உடைத்துக் குப்பையில் போட மட்டும் விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அது அந்த அறையின் காற்றில் கலக்கும். புது விளக்குகள் வந்த அட்டைப்பெட்டிகளிலேயே பழையவற்றைப் படுக்க வைத்து, உடையாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று கை தவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், கையுறையோடு தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.